பாரில் தூண்டில் போடும் வள்ளத்துக்கு மின் நங்கூர வின்ச்: எதை வாங்குவது, எப்படி மாட்டுவது, எப்படி ஓட்டுவது

கேட்டிருப்பது இது: உவரிப் பக்கம் 28 அடி ஃபைபர் வள்ளம், 9.9 குதிரைத்திறன் அவுட்போர்டு. பாரில் (கடலடிப் பாறைத் திட்டில்) தூண்டில் தொழில், 20 முதல் 25 பாகம் ஆழம் (ஒரு பாகம் ஆறடி). ஒரு நாளில் ஐந்தாறு தடவை நங்கூரத்தை எடுத்து இடம் மாற்ற வேண்டியிருக்கிறது, இழுக்க ஆள் இல்லை. 12 வோல்ட் மின் வின்ச் (கயிற்றை இழுக்கும் மெஷின்) மாட்டலாமா, எத்தனை வாட், எந்த பேட்டரி?

மாட்டலாம், அண்ணாச்சி. ஆனால் கடையில் முதலில் எடுத்துக் காட்டுவது சங்கிலிச் சக்கரம் உள்ள வின்ட்லாஸாகத்தான் இருக்கும். அது உல்லாசப் படகுகளுக்கென்று செய்தது. கரையில் இழுத்து ஏற்றும் நம் வள்ளத்துக்கு அது அவ்வளவாகப் பொருந்தாது. ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன். அதற்கு முன்னால் மனதில் இருத்த வேண்டியது ஒன்று உண்டு: இந்த மெஷின் நங்கூரத்தைத் தூக்குவதற்கு மட்டும். வள்ளத்தை நங்கூரத்தை நோக்கி இழுப்பது எஞ்சின் வேலை. வள்ளத்தைப் பிடித்து நிறுத்துவது அணியத்தில் (வள்ளத்தின் முன்முனையில்) இருக்கும் குற்றியின், அதாவது கயிறு கட்டும் முளையின் வேலை. கிணற்று ராட்டு வாளியைத் தூக்கும். கிணற்றில் விழுந்த மாட்டைத் தூக்காது. மோட்டார் கருகியது, பல் உடைந்தது, அடித்தளத்தோடு பிய்த்துக்கொண்டு வந்தது என்று வரும் புகார்களில் பெரும்பாலானவை இந்த மூன்று வேலையையும் ஒரே மெஷின் தலையில் கட்டியதால் வந்தவை.

எவ்வளவு சக்தி வேண்டும்?

கணக்குப் போட்டுப் பாருங்கள். 10 கிலோ நங்கூரம், அதோடு 8 மி.மீ. சங்கிலி 6 மீட்டர். அந்தச் சங்கிலி மீட்டருக்கு ஏறக்குறைய 1.4 கிலோ. ஆக மொத்தம் 18, 19 கிலோ. இரும்பு தண்ணீருக்குள் எடையில் எட்டில் ஒரு பங்கை இழக்கும். எனவே தொங்கும் எடை 16 கிலோதான். நைலான் கயிறு தண்ணீருக்குள் கிட்டத்தட்ட எடையே காட்டாது. இந்த 16 கிலோவை நிமிடத்துக்கு 25 மீட்டர் வேகத்தில் தூக்க 70 வாட்கூடத் தேவையில்லை. பல்சக்கரப் பெட்டியில் பாதி வீணாகிறது என்று வைத்தாலும் 150 வாட்டைத் தாண்டாது.

பிறகு எதற்கு 600, 700 வாட்? அலையில் அணியம் எழும்பும்போது கயிறு சுண்டுகிறது. நீவாடு (கடல் நீரோட்டம்) வள்ளத்தைப் பின்னே தள்ளுகிறது. காற்றின் வேகம் இரட்டித்தால் அது வள்ளத்தின் மேல் தள்ளும் விசை நான்கு மடங்காகும். கச்சான் காற்று ஓங்கி அடிக்கும் ஆனி, ஆடியில் அந்தத் தள்ளு நூறு கிலோவை எளிதில் தாண்டும். அந்தச் சுமை மெஷினுக்குப் போகாமல் பார்த்துக்கொள்வதுதான் ஓட்டுகிறவரின் திறமை. இருந்தாலும் கொஞ்சம் போகத்தான் செய்யும், அதற்காகத்தான் இந்தக் கூடுதல் சக்தி.

வழக்கமான அளவுகோல், நங்கூரம், சங்கிலி, கயிறு மொத்த எடையின் மூன்று அல்லது நான்கு மடங்கு உச்ச இழுவை. கயிற்றையும் சேர்த்தால் உங்களுக்கு 90 முதல் 120 கிலோ என்று வரும். பெட்டியின் மேல் பெரிதாகப் போட்டிருக்கும் 400, 500 கிலோ என்பது மோட்டார் திணறி நிற்கப்போகும் கடைசி எல்லை. அதைப் பார்க்காதீர்கள். குறிப்பேட்டின் உள்ளே ‘வேலைச் சுமை’ என்று ஒரு சிறிய எண் இருக்கும். தொங்குவது 16 கிலோதான் என்பதால், அது 50 கிலோவும் அதற்கு மேலும் இருந்தால் போதும். 600 முதல் 700 வாட் மெஷின்கள் இதற்குச் சரியாக வரும். 1,000 வாட் வாங்கினால் கேபிளும் பேட்டரியும் பெரிதாகும், அணியத்தில் எடை ஏறும், பிரயோசனம் குறைவு.

மூன்று வகை, எது நமக்கு?

முதல் வகை, சங்கிலிச் சக்கரம். சக்கரத்தில் வெட்டியிருக்கும் குழிகளில் சங்கிலிக் கண்ணிகள் ஒவ்வொன்றாக உட்கார வேண்டும். ஆகவே சங்கிலி அளவெடுத்துச் செய்ததாக இருக்க வேண்டும். பழைய இரும்புக் கடையில் எடைபோட்டு வாங்கும் சங்கிலி ஓடாது. 8 மி.மீ. அளவில் ஒரு கண்ணியின் உள்நீளம் 24 மி.மீ. சோதிப்பது எளிது: பத்துக் கண்ணிகளை இழுத்துப் பிடித்து, வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்பு வரை அளந்தால் 256 மி.மீ. வர வேண்டும். 260ஐத் தாண்டினால் சக்கரத்தில் குதிக்கும். 10 மி.மீ. வாங்குகிறவர்கள் இன்னும் கவனிக்க வேண்டும்: டிஐஎன் 766 தரத்தில் உள்நீளம் 28, ஐஎஸ்ஓ தரத்தில் 30. ஒன்றுக்கு வெட்டிய சக்கரத்தில் மற்றது ஏறாது. இது போக, சக்கரத்துக்கு நேர் கீழே சங்கிலி விழுந்து குவிய குறைந்தது 30 செ.மீ. வெற்றிடம் வேண்டும், கயிறும் சேர்ந்தால் 40. நம் வள்ளங்களின் அணியத்தில் அந்தப் பள்ளம் கிடையாது. சங்கிலியையும் கயிற்றையும் ஷேக்கிள் (இரும்பு வளையம்) போட்டு இணைத்தாலும் சக்கரத்தில் ஏறாது, புரி பிரித்துப் பின்ன வேண்டும். இந்த வகையை விட்டுவிடுங்கள் என்பதே என் அபிப்பிராயம்.

இரண்டாவது, வெறும் உருளை. கயிற்றை அதில் மூன்று சுற்றுப் போட்டு, நுனியை ஒருவர் கையால் இழுத்துக்கொண்டிருப்பார். இழுக்கிற பலம் மோட்டாருடையது, கை வெறும் பிடிமானம். எந்தக் கயிறானாலும் ஓடும், பட்டறையில் அடித்த நாலு கொக்கி நங்கூரமானாலும் பரவாயில்லை. உருளை நின்றுபோனால் சுற்றைக் கழற்றிவிட்டுப் பழையபடி கையால் இழுக்கலாம். வலை இழுக்கவும் உதவும்.

மூன்றாவது, கயிறு, சங்கிலி முழுவதையும் தானே சுற்றிக்கொள்ளும் பெரிய டிரம். ஆளே தொட வேண்டாம். ஆனால் 130, 140 மீட்டர் சுற்ற வேண்டுமென்றால் 8 மி.மீ. பின்னல் நைலான் போன்ற மெல்லிய கயிறுதான் கொள்ளும். டிரம் அணியத்தில் பாதி இடத்தை அடைக்கும். இரண்டே பேர் போகும் வள்ளமென்றால் இதை யோசிக்கலாம். மூன்று, நாலு பேர் போகிறீர்கள் என்றால் உருளைதான் சரி.

கயிறு பற்றி ஒரு வார்த்தை. தொழிலில் ஓடும் பாலிப்ரொப்பிலீன் கயிறு விலை குறைவு, மிதக்கும், உருளையில் வழுக்கும். மூன்று சுற்றுப் போதாமல் ஐந்து போட வேண்டியிருக்கும். வழுக்கினால் உராய்வுச் சூட்டில் உருகி உருளையோடு ஒட்டும். தொய்வாக விட்ட மிதக்கும் கயிறு புரொப்பெல்லரிலும் சுற்றும். 12 அல்லது 14 மி.மீ. மூன்று புரி நைலான் போடுங்கள். சுண்டி இழுப்பதைத் தாங்கிக்கொண்டு நீளும், அமிழும்.

அணியத்தில் உட்கார வைப்பது

நம் ஊர் நிலைமை இங்கேதான் குறுக்கே வருகிறது. கூட்டப்புளியிலிருந்து உவரி வரை வள்ளங்கள் பெரும்பாலும் அலையை வெட்டிக் கொண்டுதான் இறங்கவும் ஏறவும் செய்கின்றன. அணியத்தின் உச்சியில் 15 கிலோ வின்ச்சும், 10 கிலோ நங்கூரமும், சங்கிலியும் சேர்ந்து உட்கார்ந்தால், கரையலையில் அணியம் எழும்ப வேண்டிய நேரத்தில் எழும்பாமல் குத்தும். அதனால் அணியத்தின் மூக்கில் ரோலர் (கயிறு உரசாமல் ஓட வழிவிடும் சிறு சக்கரம்) மட்டும் இருக்கட்டும். வின்ச்சை முதல் குறுக்குப் பலகைக்குப் பக்கம், மூக்கிலிருந்து நாலைந்து அடி உள்ளே தள்ளி வையுங்கள். கரையலையைத் தாண்டும்போது நங்கூரமும் சங்கிலியும் வள்ளத்தின் நடுப்பகுதியில் கட்டிக் கிடக்கட்டும். ரோலரும் உருளையும் ஒரே நேர்கோட்டில் வர வேண்டும். கோணலாக இருந்தால் கயிறு உருளையின் ஓரத்துக்கு ஏறி, சுற்றின் மேல் சுற்று விழும்.

ஃபைபர் தளத்தில் நேராக போல்ட் போடக் கூடாது. தளம் 6 முதல் 8 மி.மீ.தான் இருக்கும், இரண்டு மாதத்தில் போல்ட்டைச் சுற்றி நட்சத்திரம் மாதிரி விரிசல் ஓடும். அடியில் 18 மி.மீ. மரைன் பிளைவுட், வின்ச்சின் அடித்தளத்தைவிட நாலு பக்கமும் ஒரு சாண் பெரிதாக வெட்டி, ரெசினும் ஃபைபர் மேட்டும் போட்டு முழுக்க மூடி ஒட்டுங்கள். 316 தர ஸ்டெயின்லெஸ் போல்ட், அகன்ற வாஷர், துளைக்குள் சீலன்ட். வின்ச்சின் உடம்பு அலுமினியமாக இருந்தால், ஸ்டெயின்லெஸ் போல்ட் தொடும் இடத்தில் உப்புநீர் பட்டு அலுமினியம் வெள்ளைப் பொடியாகக் கரையும். நைலான் புஷ் போடுங்கள், அல்லது கெட்டியான கிரீஸ் தடவி மாட்டுங்கள்.

வின்ச்சுக்கு முன்னாலோ பக்கத்திலோ கயிற்றைக் கட்ட ஒரு தனிக் குற்றி கட்டாயம். அது தளத்தில் மட்டும் நிற்காமல் அடிக்கட்டை வரை இறங்கியிருந்தால் உத்தமம்.

மின்சாரம்

700 வாட் மெஷின் லோடில் 60 முதல் 80 ஆம்பியர் இழுக்கும். திணறி நின்றால் அதைப் போல் இரண்டு மடங்குக்கும் மேலே போகும். பேட்டரி எஞ்சின் பக்கம், வின்ச் முன்னால் என்றால், போக வர கேபிள் நீளம் 16 மீட்டர் என்று வையுங்கள். 80 ஆம்பியரில் 16 சதுர மி.மீ. செப்புக் கேபிளில் 1.4 வோல்ட் காணாமல் போகும். 25ல் 0.9 வோல்ட். 35ல் 0.64. பத்து சதவீதத்துக்கு மேல், அதாவது 1.2 வோல்ட்டுக்கு மேல் இழக்கக் கூடாது. ஆகவே குறைந்தது 25, முடிந்தால் 35. வோல்டேஜ் குறைந்தால் மெஷின் மெதுவாகத்தானே ஓடும், ஓடிவிட்டுப் போகட்டும் என்று நினைக்கக் கூடாது. மெதுவாக ஓடும் மோட்டார் அதே சுமைக்கு அதே கரண்டை இழுத்துக்கொண்டு கூடுதல் நேரம் சூடாகிறது. அலையில் ஒரு சுண்டல் வந்தால் நின்றே போகிறது, நின்ற மோட்டார்தான் கருகும்.

வெல்டிங் கேபிள் வளைந்து கொடுக்கும், திருநெல்வேலியில் எங்கும் கிடைக்கும். ஆனால் அதன் வெறும் செம்பு இழைகளில் உப்புக்காற்று நுனி வழியாக ஏறி, ஒரு வருடத்தில் உள்ளே ஓரடிக்குக் கறுத்துப்போகும். வெள்ளீயம் பூசிய மரைன் கேபிள் கிடைத்தால் அதுதான். கிடைக்காவிட்டால் வெல்டிங் கேபிளே போடுங்கள். லக்கை (கேபிள் நுனியில் மாட்டும் உலோக முனையை) ஹைட்ராலிக் கிரிம்பரில் அழுத்தி, பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டு நுனியை அடையுங்கள். சுத்தியலால் தட்டி நசுக்கிய லக் முதல் மழைக்காலத்தைத் தாண்டாது.

வரிசை இப்படி: பேட்டரியின் பாசிட்டிவ், அங்கிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் பிரேக்கர், அடுத்து சோலனாய்டு பெட்டி (சிறு சுவிட்சால் பெரிய கரண்டைத் திறந்து மூடும் ரிலே), அடுத்து மோட்டார். நெகட்டிவும் அதே கனத்தில் திரும்பி வர வேண்டும். பிரேக்கர் எத்தனை ஆம்பியர் என்பதை மெஷினின் குறிப்பேடு சொல்லும். இந்த அளவுக்கு 70, 80 என்றிருக்கும். வீட்டு மெயின் போர்டில் போடும் எம்சிபி வேண்டாம். அது வீட்டு ஏசி மின்சாரத்துக்கென்று செய்தது, உப்புக்காற்றுக்கும் தாங்காது. டிசி பிரேக்கர், கையால் ஆஃப் செய்யக்கூடியது, எஞ்சின்காரரின் கை எட்டும் இடத்தில். சோலனாய்டின் தொடுமுனை ஒட்டிக்கொண்டால் சுவிட்சை விட்ட பிறகும் உருளை சுற்றிக்கொண்டே இருக்கும். அப்போது அதை நிறுத்த அந்த பிரேக்கர் ஒன்றுதான் வழி.

பேட்டரிக்குப் பலர் வீட்டு இன்வெர்ட்டரின் டியூபுலர் பேட்டரியைத் தூக்கி வைக்கிறார்கள். 50 கிலோவுக்கு மேல் கனம், அலையின் அதிர்ச்சிக்கென்று செய்ததும் அல்ல. சுருக்கென்று பெரிய கரண்ட் கொடுக்க அதைச் செய்யவும் இல்லை. டிராக்டர், லாரி ஸ்டார்ட்டிங் பேட்டரி, 80 முதல் 100 ஆம்பியர்-மணி, மூடிய வகை இதற்கு நன்றாக உழைக்கும். லித்தியம் வைக்க ஆசைப்பட்டால் அதன் பாதுகாப்புச் சுற்று எத்தனை ஆம்பியரில் துண்டிக்கும் என்று கேளுங்கள். 100 என்றால் ஒரே சுண்டலில் மொத்த மின்சாரமும் அணையலாம், எக்கோ சவுண்டரும் வயர்லெஸ்ஸும் சேர்த்து.

சார்ஜ் கணக்கு பயப்படும்படி இல்லை. 130 மீட்டர் கயிற்றைச் சுருட்ட ஆறு நிமிடம், சராசரி 40 ஆம்பியர் என்றால் 4 ஆம்பியர்-மணி. ஆறு தடவைக்கு 24. உங்கள் அவுட்போர்டில் சார்ஜிங் 6 ஆம்பியர் இருந்தால் நாலு மணி நேர ஓட்டத்தில் திரும்பிவிடும். கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்யும் பல மாடல்களில் சார்ஜிங்கே இருக்காது, அல்லது விளக்குக்கான சுருள் மட்டும் இருக்கும். அதற்கு ரெக்டிஃபையர் ரெகுலேட்டர் தனியாக மாட்ட வேண்டும். ஒன்றுமே இல்லாவிட்டால் வீட்டில் ராத்திரி சார்ஜ் போட்டுக் கொண்டுபோனாலும் ஒரு நாள் தொழிலுக்குப் போதும்.

போடுவதும் எடுப்பதும்

போடும்போது மின்சாரமே வேண்டாம். நீவாட்டை எதிர்த்து வள்ளத்தை நிறுத்தி, கயிற்றை உருளையில் சுற்றாமல் ரோலர் வழியாகக் கையால் விடுங்கள். நங்கூரம் தரை தொட்ட பிறகு வள்ளம் பின்னே போகப் போகக் கயிறு விட வேண்டும். மொத்தமாகக் கொட்டினால் சங்கிலி நங்கூரத்தின் மேலேயே குவிந்து கொக்கியில் சிக்கும். 25 பாகம் என்பது 45 மீட்டர். மூன்று மடங்கு விட்டால் 135 மீட்டர். பாரில் கொக்கி கல்லைப் பிடித்துவிட்டால் இரண்டு மடங்கே நிற்கும். சகதியிலோ மணலிலோ நிற்காது. ஐந்து பாகத்துக்கு ஒரு சாய அடையாளம் கயிற்றில் வைத்தால் எடுக்கும்போதும் உதவும். குற்றியில் கட்டிய பிறகு உருளையில் கயிறு இருக்கவே கூடாது. உயிருள்ள பவளப் பாரின் மேல் நங்கூரம் போடாமல் பக்கத்து மணலில் போட்டுத் தொங்கி நிற்பதே நல்லது. பவளம் உடைந்தால் மீன் அந்த இடத்தை விட்டே போகும், நங்கூரமும் மாட்டும்.

எடுக்கும்போது எஞ்சினை ஓடவிட்டு, கியரில் மெல்ல முன்னே போக வேண்டும். அணியத்தில் நிற்பவர் கயிறு போகும் திசையைக் கையால் காட்டுவார். கயிறு தொய்ந்தால் மட்டும் உருளை சுற்ற வேண்டும். நாற்பது மீட்டர் தொய்வைச் சும்மா கையாலேயே வாரிவிடலாம், மோட்டாருக்கு ஓய்வு. மோட்டாரின் சத்தத்தைக் கேட்டுப் பழகுங்கள்: சுருதி இறங்கினால் விரலை எடுக்க வேண்டும், வள்ளம் முன்னே வரட்டும். கயிறு நேர் செங்குத்தானதும் நிறுத்தி, குற்றியில் இரண்டு சுற்றுப் போட்டுக் கட்டுங்கள். இப்போது அலை அணியத்தைத் தூக்கும்போது அந்தத் தூக்கே நங்கூரத்தைப் பிடுங்கும். பிடுங்கியது கயிற்றில் தெரியும், விறைப்பு போய்க் கனம் மட்டும் நிற்கும். அதன் பிறகுதான் மறுபடி உருளை. கடைசி இரண்டு மீட்டரைத் தட்டித் தட்டி ஏற்றுங்கள், இல்லையென்றால் நங்கூரம் ஊசலாடி அணியத்தின் ஜெல்கோட் மேல்பூச்சைப் பெயர்க்கும்.

கயிறு நுனியைப் பிடிக்கிறவர் அதைக் கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது. உருளையிலிருந்து ஒரு கை தூரம் தள்ளி நிற்க வேண்டும். சாரத்தை மடித்துக் கட்டி, தோள் துண்டை எடுத்துவிட்டுத்தான் பக்கத்தில் போக வேண்டும். சாரத்தின் முந்தி ஒரு சுற்றில் கயிற்றோடு உள்ளே போனால் ஆளையும் இழுக்கும். சுற்றின் மேல் சுற்று ஏறிப் பூட்டிக்கொண்டால் உடனே சுவிட்சை விடுங்கள். இறக்கும் சுவிட்சைத் தட்டினால் கழன்றுவிடும், விரலை விட்டுப் பிரிக்காதீர்கள். அணியத்தில் உறையோடு ஒரு கத்தி எப்போதும் இருக்கட்டும்.

பாரில் நங்கூரம் கல்லிடுக்கில் சிக்கினால் வின்ச்சால் வராது, வர வைக்கவும் முயலக் கூடாது. அதற்கான ஏற்பாட்டைக் கரையிலேயே செய்ய வேண்டும். சங்கிலியை நங்கூரத்தின் தலை வளையத்தில் கட்டாமல், கொக்கிகள் கிளம்பும் அடிப்பக்கத்தில் கட்டுங்கள். பிறகு தண்டின் ஓரமாக மேலே கொண்டுவந்து, தலை வளையத்தோடு மெல்லிய நூலால் நாலு சுற்றுக் கட்டுங்கள். சாதாரண இழுப்புக்கு நூல் தாங்கும். சிக்கிவிட்டால் கயிற்றைக் குற்றியில் கட்டி, எஞ்சினால் எதிர்த்திசையில் இழுத்தால் நூல் அறுந்து, நங்கூரம் அடிப்பக்கமாகத் தலைகீழாக வெளியே வரும். நூலின் கனம் அனுபவத்தில் அமையும், மெல்லியதில் ஆரம்பியுங்கள். கொக்கிகளை 10 அல்லது 12 மி.மீ. கம்பியில் அடித்தால் பலத்த இழுப்பில் வளைந்து கொடுத்து வரும், கரையில் தட்டி நிமிர்த்திக்கொள்ளலாம்.

கோளாறு வந்தால்

சுவிட்ச் அழுத்தியதும் ‘டக்’ சத்தம் வந்து உருளை சுற்றவில்லை என்றால், சோலனாய்டு வேலை செய்கிறது, மோட்டாருக்குப் போதிய மின்சாரம் போகவில்லை. லோடில் இருக்கும்போதே மோட்டார் முனையில் மீட்டரை வையுங்கள். பேட்டரியில் 12.2, மோட்டாரில் 9.8 என்றால் நடுவில் ஏதோ ஒரு லக் பச்சை பிடித்திருக்கிறது; கையை வைத்துப் பாருங்கள், சூடான லக்தான் அது. இரண்டு பக்கமும் வோல்டேஜ் சரியாக இருந்தும் சுற்றாவிட்டால் கார்பன் பிரஷ். ‘டக்’ சத்தமே இல்லையென்றால் சுவிட்சுக்குள் தண்ணீர், அல்லது கண்ட்ரோல் வயரின் சின்ன ஃபியூஸ். பிரேக்கர் அடிக்கடி விழுந்தால் பெரிய பிரேக்கர் மாற்றுவது தீர்வல்ல. எஞ்சின்காரர் வள்ளத்தை முன்னே கொண்டுவருவதில்லை என்று அர்த்தம்.

ஆனால் இந்தக் கரையில் இவற்றையெல்லாம்விடச் சீக்கிரம் மெஷினைக் கொல்வது மோட்டாரின் கூட்டில் ஏறும் துரு. பெயின்ட் அடித்த இரும்புக் கூடு, தளத்துக்கு அடியில் யார் கண்ணிலும் படாமல் உளுத்துப்போகும். புதிதாக வாங்கிய அன்றே, மாட்டுவதற்கு முன், கூட்டிலும் கேபிள் முனையிலும் கெட்டிக் கிரீஸைக் கையால் அப்பிவிடுங்கள். ஒவ்வொரு நாளும் கரை ஏறியதும் பிரேக்கர் ஆஃப், உருளையின் மேல் ஒரு வாளி நல்ல தண்ணீர். வருடத்துக்கு ஒரு முறை உருளையைக் கழற்றித் தண்டைத் துடைத்துக் கிரீஸ் வைக்க வேண்டும்; கியர் ஆயில் மோர் நிறமாக இருந்தால் சீல் போய்த் தண்ணீர் இறங்கியிருக்கிறது, உடனே மாற்ற வேண்டும். வாங்கும்போதே ஒரு ஜோடி கார்பன் பிரஷ், ஒரு சோலனாய்டு, ஒரு ஆயில் சீல் சேர்த்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அந்த மாடலுக்கு இவை தனியாகக் கிடைக்காது என்று கடைக்காரர் சொன்னால் வேறு மாடலைப் பாருங்கள்.